வலப்பக்க இருக்கைக்கு ஓர் ஆள்

சென்ற மாதம் இளம் விமானிகள் சிலர் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மாடியில் கூட்டம் போட்டு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். வாசலில் என் படம் போட்ட சுவரொட்டி. "சம்பளமில்லாப் பயிற்சியிலிருந்து ஜெட் கேப்டன் வரை: கேப்டன் ரோஸ்லினின் வெற்றி ரகசியம்." படத்தில் எனக்குப் பத்து வயது குறைத்திருந்தார்கள், அதற்கு நன்றி. அப்படி என்ன ரகசியம் என்று படியேறும்போதே யோசித்துப் பார்த்தேன். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் சும்மா வந்து உட்கார ஊரில் வேறு யாருக்கும் நேரமில்லை, எனக்கு இருந்தது. இதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். சாங்கிப் பக்கம் ஒரு சிமுலேட்டர் மையத்தில் அவளைச் சம்பளமில்லாமல் வரச் சொல்கிறார்களாம். "போகலாமா கேப்டன்? வொர்த்தா?" என்று கேட்டாள். நான் விடாமுயற்சி, பொறுமை என்று ஏதோ அளந்துகொண்டிருந்தபோது பிரியாணி வந்துவிட்டது. பிரியாணியோடு போட்டி போடும் அளவுக்கு எனக்குப் பேச்சுத் திறமை கிடையாது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுவரொட்டியில் இருந்த 'ஜெட் கேப்டன்' என்ற சொல்லைக் கொஞ்சம் தரையிறக்க வேண்டும். பணக்காரர் ஒருவரின் சொந்த ஜெட்டை ஓட்டுவது என்றால் மேகத்துக்கு மேலே கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பெட்டிகளைத் தூக்கி ஏற்ற வேண்டும், ஐஸ் வாங்கி வர வேண்டும், முதலாளிக்குப் பிடித்த நாளிதழை மடிப்புக் கலையாமல் வைக்க வேண்டும், கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று நாமே குனிந்து பார்க்க வேண்டும். ஒருமுறை முதலாளியம்மா பினாங்கில் டுரியான் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். மூடிய அறைக்குள் அந்த வாசம் என்ன பாடு படுத்தும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தபடியே கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்தப் பழம் என் சீருடைக் கோட்டுக்குள் சுற்றப்பட்டு, என் காலடியில் உட்கார்ந்துதான் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோட்டை நான் போட்டதில்லை.

இனி ஆரம்பத்துக்கு வருகிறேன். சாங்கி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு அனுப்பும் வேலையில் இருந்தேன். பெட்டிகள் எல்லாம் பறக்கின்றன, நான் மட்டும் பறக்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல் முற்றிப்போய், முப்பது வயதுக்கு மேல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் விமானி உரிமம் வாங்கினேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் உழைத்து அப்பா விட்டுப்போனதெல்லாம் அந்த ஊர் வானத்தில் எரிபொருளாகப் புகைந்து தீர்ந்தது. திரும்பி வந்தபோது விமான நிறுவனங்கள் எதுவும் ஆள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என் வயதைப் பார்த்ததும் விண்ணப்பத்தை அப்படியே கவிழ்த்திருப்பார்கள்.

அப்போதுதான் சொந்த ஜெட் ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு மையத்தில் வலப்பக்க இருக்கைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரியவந்தது. அந்த வகை ஜெட்டை இருவர் சேர்ந்துதான் ஓட்ட வேண்டும். கேப்டன்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் பயிற்சியும் தேர்வும் முடித்தாக வேண்டும். பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். அவர்களுக்குத் துணை விமானியாக உட்கார ஒருவர் வேண்டும். சீட்டாட்டத்தில் ஒரு கை குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்களே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நான். சம்பளம் கிடையாது. யாரும் பயன்படுத்தாத நேரங்களில் எனக்கும் பயிற்சி தந்து, அந்த ஜெட்டை ஓட்டும் தகுதியைப் பெற்றுத் தருவதாகப் பேச்சு.

சிமுலேட்டர் என்பது இரும்புக் கால்கள்மேல் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே அசல் விமானியறை. கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் கடலும் மேகமும் படமாக ஓடும். பெட்டி சாயும், குலுங்கும், தரையில் மோதினால் பல்லெல்லாம் ஆடும். நான் காலையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி ஹாங்காங்கில் இறங்குவேன். மதியம் ஜகார்த்தாவில் மழையில் இறங்குவேன். சாயங்காலம் பேருந்தில் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்கில் இறங்குவேன். இவற்றில் கடைசி ஒன்றுதான் உண்மை.

பயிற்றுநர் திரு. இங் நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பானவர். முதல் நாளே என் பதவியை விளக்கிவிட்டார். நான் அங்கே ஒரு நாற்காலி, பேசும் நாற்காலி. பயிற்சி நாட்களில் கேப்டனுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உதவலாம். தேர்வு நாளில் மட்டும் கேட்டதற்குப் பதில், சொன்னதைச் செய்தல், நடைமுறையில் உள்ள வார்த்தைகள் தவிர வேறு எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது. தேர்வு கேப்டனுக்கு, நாற்காலிக்கு இல்லை. இதை அவர் சொன்ன விதத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு வேலைக்கு இவ்வளவு தெளிவான விளக்கம் எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

அந்தப் பெட்டிக்குள் எதுவும் ஒழுங்காகப் பறப்பதில்லை. கெட்டுப்போவதற்காகவே மேலே கிளம்புவோம். அதுவும் திரு. இங்குக்கு ஒரு பழக்கம், கெடுக்க வேண்டிய இன்ஜின் என்றால் பெரும்பாலும் வலது இன்ஜினைத்தான் கெடுப்பார். வலது இன்ஜின் நின்றால் மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது காலை அழுத்தி நேராக்க வேண்டும். சில மாதங்களில் என் இடது கால் தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பேருந்து நிறுத்தத்தை விட்டு வேகமெடுத்தால் போதும், கால் போய் முன் இருக்கையை உதைக்கும். முன்னால் உட்கார்ந்திருந்த சீன மூதாட்டி ஒருவர் இறங்கிப்போகும்வரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அம்மா மட்டும் எதையும் பார்த்துக் கலங்கவில்லை. டேக்கா சந்தையில் மீன்காரரிடம், மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது சக பங்குமக்களிடம், மின்தூக்கியில் அகப்படுபவர்களிடம் எல்லாம் "எம் பொண்ணு பைலட்டு" என்று சொல்லிவிட்டிருந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னைக்கு எங்கம்மா போயிட்டு வந்த?" என்று கேட்பார். ஹாங்காங் என்பேன். "அவ்ளோ தூரம் போயிட்டு வந்தா பசிக்கத்தானே செய்யும்" என்று சோற்றைப் போடுவார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிடுவேன்.

அந்த மையத்துக்கு வந்துபோனவர்களில் ஒருவர் கேப்டன் தனபால். முன்னாள் இராணுவ விமானி. முதலாளி ஒருவரின் ஜெட்டுக்கு அவர்தான் தலைமை விமானி. சட்டைக் கையைச் சரியாக இரண்டு மடிப்பு மடித்திருப்பார், பேனாவை ஒருபோதும் கடன் கொடுக்க மாட்டார். தமிழர்தான், ஆனால் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆங்கிலத்திலும் அதிகம் பேசியதில்லை. விமானியறையில் கேப்டன் கேட்பதற்குத் துணை விமானி பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அடுத்த காரியம் என்பது நடைமுறை. தனபால் கேள்வியைக் கேட்டபடியே காரியத்தை முடித்துவிடுவார். என் பதில் அவர் செய்து முடித்ததற்குப் பின்னால், ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி மூச்சிரைக்க வந்து சேரும். அவர் தவறு செய்து நான் பார்த்ததில்லை என்பதால் அது யாருக்கும் உறுத்தவில்லை.

அவருடைய துணை விமானி வேறு வேலைக்குப் போகப்போகிறான் என்ற செய்தி மையம் முழுதும் பரவியிருந்தது. அதற்குள் எனக்கு அந்த ஜெட்டை ஓட்டும் தகுதி கிடைத்துவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த உண்மையான நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது. அதை நிரப்பும் அதிகாரம் இருப்பவர் தேர்வுக்கு வருகிறார், பக்கத்தில் உட்காரப் போவது நான். முந்தைய நாள் முழுக்கப் பயிற்சி. திரு. இங் வழக்கம்போல் வலது இன்ஜினையே கெடுத்துக்கொண்டிருந்தார். தனபால் பிசகாமல் செய்தார். நானும் ஒரு நல்ல நாற்காலியாக நடந்துகொண்டேன். போகும்போது அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் தேர்வு எடுக்க வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். மேலெழும்பிக் கொஞ்ச நேரத்தில் தீ மணி அடித்தது. விமானம் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. எந்த இன்ஜினில் தீ என்று சிவப்பு விளக்கு காட்டும். கேப்டன் அந்த இன்ஜினின் த்ரஸ்ட் லீவர் என்ற விசை நெம்புகோலில் கை வைத்து "கன்ஃபர்ம்?" என்று கேட்க வேண்டும். துணை விமானி விளக்கையும் நெம்பையும் பார்த்துவிட்டு "கன்ஃபர்ம்டு" என்று சொல்ல வேண்டும். கூடவே, நன்றாக இருக்கும் மற்ற இன்ஜினின் நெம்பின்மேல் துணை விமானி தன் கையை அணைபோல வைத்துக்கொள்ள வேண்டும், தவறிப்போய் யாரும் அதை இழுத்துவிடாமல் இருக்க. நல்ல இன்ஜினை அணைத்துவிட்டால் எரியும் இன்ஜின் ஒன்றுதான் மிச்சம்.

அன்று எரிந்தது இடது விளக்கு. தீப்பிடித்தும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் மூக்கு எந்தப் பக்கமும் ஓடவில்லை, கைகாட்ட அந்த விளக்கைத் தவிர எதுவும் இல்லை. நான் நல்ல இன்ஜினைக் காக்க வலது நெம்பை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். அங்கே ஏற்கெனவே, முந்தைய நாள் பழக்கத்தில், கேப்டன் தனபாலின் கை இருந்தது. என் கை அவர் கைமேல் போய் விழுந்தது.

"ரைட் த்ரஸ்ட் லீவர், கன்ஃபர்ம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இழுக்கத் தொடங்கினார். நான் கையை எடுக்கவில்லை. வீரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அந்தக் கணத்தில் என் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. வேலை தரப்போகிற மனிதரின் கையைப் பரிசோதகருக்கு முன்னால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை மட்டும் தனக்குக் கற்றுக்கொடுத்ததைச் செய்தது. பிறகுதான் குரல் வந்தது, அதுவும் எலிக்குஞ்சின் குரலில்.

"நெகடிவ், கேப்டன். லெஃப்ட்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தார். கையை உருவிக்கொண்டு இடது நெம்புக்குப் போனார். அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்தது, ஆனால் மனிதர் நிலைகுலைந்துவிட்டார். ஒற்றை இன்ஜினோடு இறங்க வந்தபோது உயரம் அதிகமாக இருந்தது, சொன்னேன். வேகம் அதிகமாக இருந்தது, அதையும் சொன்னேன். இரண்டும் நடைமுறையில் உள்ள வார்த்தைகள்தான். அவர் விடாமல் இறக்கினார். ஓடுபாதை முடிந்தும் நாங்கள் முடியவில்லை, புல்வெளிக்குள் குலுங்கிக்கொண்டே போய் நின்றோம். பரிசோதகர் திரையை நிறுத்தினார்.

தேர்வில் தோல்வி. மறுதேர்வில் தேறும்வரை அவர் அந்த ஜெட்டை ஓட்ட முடியாது. தனபால் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடிப்புக் கலைந்த சட்டைக் கையோடு போய்விட்டார். "நாற்காலி பேசலாம் என்றுதான் சொன்னேன், கையைப் பிடிக்கலாம் என்று எப்போது சொன்னேன்?" என்று திரு. இங் கேட்டார். பிறகு, நான் செய்தது நடைமுறைப்படி சரிதான் என்றும் சொன்னார். சரியாகச் செய்துவிட்டு வேலையில்லாமல் இருப்பதில் எனக்கு என்ன ஆறுதல்? அன்று டேக்காவுக்குப் போய் ஒரு தோசையை முன்னால் வைத்துக்கொண்டு, மறுபடி பெட்டி எடை போடும் வேலையைக் கேட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வேலை போனதைவிட, ஒரு நல்ல விமானி தலைகுனிந்து போனதற்கு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம் வலித்தது.

மறுதேர்வு அடுத்த வாரம். அன்று வேறு ஆள் உட்காரட்டும் என்று நானே திரு. இங்கிடம் கேட்டுக்கொண்டேன். முடியாது என்றார். கேப்டன் தனபால் தொலைபேசியில் அழைத்து, போன முறை உட்கார்ந்த அதே ஆள்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாராம். பழிவாங்கத்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மனிதர்களைப் பற்றி எனக்கு உடனே புரிகிற எதுவும் சரியாக இருந்ததில்லை.

அதே பரிசோதகர், அதே ஓடுபாதை, மேலெழும்பியதும் அதே தீ மணி. இம்முறை வலது விளக்கு. தனபால் வலது நெம்பில் கை வைத்தார். "ரைட் த்ரஸ்ட் லீவர். கன்ஃபர்ம்?" என்றார். பிறகு நிறுத்திக்கொண்டார். கை நெம்பின்மேல் அப்படியே இருந்தது, விரல்கூட அசையவில்லை. மணி காதைப் பிளந்துகொண்டிருந்தது. இவர் எதற்கு நிற்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. என் பதிலுக்காக நிற்கிறார் என்று தெரிந்தபோது, அத்தனை மாதமாக அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகு நிமிர்ந்தது. நான் விளக்கைப் பார்த்தேன், அளவுமானியைப் பார்த்தேன், அவர் கையைப் பார்த்தேன். என் கையை இடது நெம்பின்மேல் வைத்துக்கொண்டு "கன்ஃபர்ம்டு" என்றேன். அதற்குப் பிறகுதான் இழுத்தார்.

தேறிவிட்டார். சிமுலேட்டர் படிகளில் இறங்கும்போது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்று திரும்பினார். முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்கு கேப்டன்" என்றேன். தன் எண்ணைக் கொடுத்து மாலையில் கூப்பிடச் சொன்னார்.

வீட்டுக்குப் பறந்தேன் என்று எழுத ஆசை, பேருந்தில்தான் போனேன். அம்மாவின் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்தால், அது எப்போதோ காலாவதியாகியிருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக நாள்தோறும் ஹாங்காங்குக்கும் ஜகார்த்தாவுக்கும் போய்வந்த எனக்கு, ஒரு குடிநுழைவு அதிகாரியின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டி வரவில்லை. சிங்கப்பூரிலேயே காலாவதியான பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே விமானி நானாகத்தான் இருந்திருப்பேன். வொர்த்தா என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு என்னால் தரமுடிகிற உருப்படியான அறிவுரை இது ஒன்றுதான்: போய் உட்காரம்மா, ஆனால் பாஸ்போர்ட்டை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்.

மாலையில் அவர் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். பாஸ்போர்ட் விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ நாளா அங்க ஓட்டுற நீ?" என்று கேட்டார்.

"ஒரு வருஷத்துக்கு மேல, கேப்டன்."

சிரித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதலாளிக்கு அவசரம் இருக்குமே, வேறு யாரையாவது பார்க்கலாமே என்று நான் மரியாதைக்குச் சொல்லித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நாற்காலி.

"பாத்துட்டேன் லா. ரெண்டு பேர வேற ஒரு சிமுலேட்டர்ல உக்கார வச்சுப் பாத்தேன். நான் கைய எங்க வச்சாலும் கன்ஃபர்ம்டுங்கிறானுங்க. நீ போய்ப் புதுசு எடுத்துட்டு வா. பழைய ஆளு மாசக் கடைசியில போறான், அதுக்கப்புறம் நீ வர்ற வரைக்கும் ஜெட்டு தரையில நிக்கட்டும். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து யார் என்று கேட்டார். கேப்டன், வேலை கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட் வரும்வரை எனக்காக ஒரு விமானத்தையே நிறுத்தி வைக்கிறாராம் என்றேன்.

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டேக்கா முழுக்கக் கேட்கும் குரல் அவருடையது. அன்று எனக்கே குனிந்தால்தான் கேட்கும்போல மெல்லக் கேட்டார்.

"இது நெஜமாவே பறக்குமாம்மா?"

பறக்கும் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.